வலமாகச் சுற்றிய ஊரெல்லை

ஊராட்சி வேலைத்தளத்தில் மண்வெட்டி பிடித்தவனுக்கு ஊரின் வரலாறு காலில் ஏறும். புவியியல் முழங்காலில் தங்கிவிடும். பனி தள்ளி விரல் விறைத்த அன்பர்கள் இதை நன்கறிவர். சோலோதுர்ன் மாநிலத்தில், யூரா மலையடிச் சிற்றூர் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக அடியேன் செய்துவரும் தொண்டு இது. அண்மையில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். ஊரின் வரலாற்றையும் ஆறுகளையும் மலைகளையும் பற்றி ஊர்க்குழு நேரில் வினவும். அவர்களுக்கு மனநிறைவு இல்லையெனில் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

எல்லைக்கல்லின் அடியில்

உழவு இயந்திரம் மோதிச் சாய்ந்த எல்லைக்கல் ஒன்றை நிமிர்த்தப் போயிருந்தோம். ஒவ்வொரு கல்லின் அடியிலும் சுட்ட மண்ணாலான அடையாளம் ஒன்றை மறைத்துவைப்பது இப்பக்கத்துப் பழைய வழக்கம். கல்லை எவரேனும் களவாக நகர்த்தினால், மண்ணுக்குள் இருக்கும் அந்தச் சாட்சி காட்டிக்கொடுத்துவிடும். திருவுருவின் பீடத்தடியில் யந்திரத்தகடு வைக்கும் மரபில் வந்தவனாதலால் எனக்கு மெய்சிலிர்த்தது. குனிந்து பார்க்க முயன்றேன். எங்கள் மேலாள் வேர்னர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“அதைப் பாக்க எனக்கே உரிமையில்லை. சத்தியம் பண்ணின ஆக்கள் வைச்சது. நீரும் மற்றப் பக்கம் திரும்பி நில்லும்.”

மறையும் ஓடை

றோஸ்மரி என்னும் பண்ணைக்காரியின் புல்வெளியில் ஓர் ஓடை சுண்ணக்கல் வாய்க்குள் புகுந்து காணாமற்போகும். வாயை அடைத்த சருகை அள்ளுவது என் வேலை. அந்நீர் மலையைத் துளைத்து அயற்பள்ளத்தாக்கில் ஊற்றாக எழுகிறது என்றும், அவ்வூரார் அதைத் தம் சொந்த ஊற்றென்று நெடுங்காலம் வழக்காடினர் என்றும் அவர் சொன்னார். சுண்ணக்கல் மேல் கிணறு வெட்டிய யாழ்ப்பாணத்தானுக்கு இது விளங்காத கதையன்று. வழக்கு எப்படித் தீர்ந்தது என்று கேட்டேன்.

“என்ர பாட்டன் இதுக்குள்ளை பச்சைச் சாயம் ஊத்தினவர். மூண்டு நாள் அவங்கட மாடெல்லாம் பச்சைத் தண்ணி குடிச்சுது. அதோடை கதை முடிஞ்சுது.”

எல்லைநடை

வசந்தத்தில் ஊரார் அனைவரும் ஒருநாள் கூடி ஊரெல்லையை நடந்து சுற்றுவர். இப்புண்ணியத்துக்குப் பெயர் பான்டாக். வழிகாட்டும் மர அம்புகளை நடும் பொறுப்பு இம்முறை எனக்கு வந்தது. போற்றற்குரியதை வலக்கைப் பக்கமாக வைத்துச் சுற்றிப் பழகிய உடம்பு. சிந்தியாமலே வலமாக நட்டுவிட்டேன். அவர்களோ காலங்காலமாக இடமாகச் சுற்றுபவர்கள்.

வழக்கமாக இறுதியில் இறங்கும் செங்குத்துப் பாதை முதலிலேயே ஏற்றமாக எதிர்ப்பட்டது. அதன் உச்சியில் செர்வெலா என்னும் இறைச்சிக்குழலை வாட்டுபவர்கள் அடுப்பு மூட்டுமுன்பே ஊர் முழுவதும் பசியோடு போய் நின்றது. மூட்டுவலியுள்ள குடியுரிமைக் குழுத் தலைவி கோலூன்றி ஏறினார். வீட்டில் விவரத்தைச் சொன்னேன். மனைவி தேநீரை வைத்துவிட்டு அமர்ந்தாள்.

“இஞ்சருங்கோ, கோயில் வீதி சுத்திற மாதிரியே சுத்த விட்டனீங்கள்? உங்களைக் கேள்வி கேக்கப்போற மனுசியுமெல்லோ வந்தது!”

கேள்வி நாள்

மூவர் அமர்ந்திருந்தனர். ஆறுகள், மலைகள், பழைய கோட்டைத் தலைவர்கள் எல்லாம் நாவில் தயாராக நின்றன. தலைவி கோப்பைத் திறக்கவேயில்லை. ஏன் எல்லோரையும் மாறிச் சுற்றவைத்தீர் என்பதே முதல் வினா. வழிதவறியதாகச் சொல்லித் தப்பலாம் என்று ஒருகணம் நினைத்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்: எங்கள் வழக்கில் கோயிலை அப்படித்தான் சுற்றுவோம், கை தானாகச் செய்தது, பிழை என்னுடையது. மூவரில் முதியவர் ஒருவர், அப்படியானால் எங்கள் ஊர் உமக்குக் கோயிலா என்று கேட்டார். ஓம் என்றேன். தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

“மூச்சு வாங்க நிண்டு திரும்பின இடமெல்லாம் ஊர் முழுக்கத் தெரிஞ்சுது. மற்ற வருசங்களிலை இறங்கேக்கை என்ர காலை மட்டும்தான் பாத்தனான். வாற முறையும் அம்பை நீரே நடும். செர்வெலாக்காரருக்கு மட்டும் முதலே சொல்லிவிடும்.”

சம்மதக் கடிதம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் மனனம் செய்த ஆறுகளில் ஒன்றையும் எவரும் கேளாதிருக்க, பிழையாக நட்ட அம்புகளே எனக்காகப் பரிந்து பேசின என்பதுதான் இத்தொழிலில் அடியேன் கண்ட திருவருள்.