சூப்பர் சொன்னால் டீ

எங்கள் மூன்று பேருக்குள் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அடுத்தவர் செய்துகொண்டு வந்த வலைப்பக்கத்தைப் பார்த்து யார் ‘சூப்பர்’ என்று சொல்கிறாரோ, அவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். குறை சொன்னவர் தப்பித்தார்.

சட்டம் போடும் நிலைமைக்கு வந்தது எங்களால்தான். ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் சூப்பர் சொல்லியே பொழுதைப் போக்கினோம். ஆசையாகக் காட்டுகிறவரிடம் முகத்துக்கு நேரே குறை சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரே விட்டுப்போயிருந்தாலும், “நல்லா வந்திருக்குதுங்க” என்று சிரித்துவிட்டுப் போய், வீட்டிலிருந்து ஆள் அனுப்பித்தான் குறையைச் சொல்வார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளிலிருந்து நான் திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தவன்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். “ஆனி முகூர்த்தம் வரைக்கும்தான் ஓட்டுவேன்பா. அப்புறம் மிஷினை வித்துடப் போறேன். வாட்ஸப்புலயே பத்திரிகை வெச்சிக்கினு இருக்கானுங்க. நீ வேற எங்கனா பாத்துக்கோ” என்றார். வேறு எங்காவது பார்க்கிற வயதையெல்லாம் நான் தாண்டியிருந்தேன். வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். பக்கம் வடிவமைக்கத் தெரியும், பேப்பரில் செய்ததை இனி இன்டர்நெட்டில் செய்தால் போகிறது என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தை இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் என்னோடு வரும் ஒரு பெண், திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் நல்ல வேலைக்காக இதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயிலிருந்து திரும்பி வந்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். இன்டர்நெட்டில் கிடைத்த இலவசப் பாடத்தில் உள்ள பயிற்சியை அவரவர் தனியாகச் செய்து ஏற்றியிருக்க வேண்டும். ரிப்பேருக்கு வந்த போன்களில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் குறை சொல்வோம்.

பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஒரு தங்கும் விடுதி இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு பக்கம் செய்வது எனக்கு வந்த பயிற்சி. சாப்பாட்டு நேரத்தை எல்லாம் அதில் கொட்டினேன். அச்சகத்தில் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பாய் தன் கடை போனில் திறந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இன்னா தலைவரே, யாரையோ இங்கிலீஷ்ல திட்டிக்கினு இருக்கிற மாதிரி இருக்குது?”

எட்டிப் பார்த்தேன். தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் குப்பை கொட்டிக் கிடந்தது. உன் போன்தான் கோளாறு என்றேன். அடுத்த போனிலும் அதே குப்பை.

“உங்க பிரஸ் எழுத்துல அடிச்சிருக்கீங்கண்ணா” என்றாள் அந்தப் பெண். “அந்த எழுத்து உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறதால உங்களுக்குத் தமிழாத் தெரியுது. மத்தவங்ககிட்ட அது கிடையாதே. யூனிகோடுல புதுசா அடிக்கணும்.”

“இந்த எழுத்துல எத்தினி கல்யாணம் பண்ணி வெச்சிருக்கேன் தெரியுமா உனக்கு?” என்று கத்திவிட்டேன். சட்டப்படி அவள் சொன்னது குறை, எனக்குக் கோபப்பட வழியில்லை.

புது விசைகளை விரலுக்குப் பழக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. கண்ணை மூடிக்கொண்டு அடித்தவன், ககரத்தைத் தேடி எழுத்துக் கூட்டினேன். அது முடிந்தால், சின்ன போனில் படம் வெளியே பிதுங்குகிறது என்றார் பாய். அதைச் சரிசெய்தால் மெனு மறைந்துபோனது. பேப்பர் ஒரே அளவில் இருக்கும், அடித்தால் அடித்ததுதான். இதுவோ ஆளுக்கு ஓர் அளவு போனில் ஆளுக்கொரு கோலம் காட்டியது. “பேஜாருப்பா” என்று பாயே ஒருநாள் போனைக் கவிழ்த்து வைத்தார். ரயிலில் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். அந்தப் பெண்தான் எழுப்பி இறக்குவாள்.

ஆனி பிறந்தபோது பக்கம் ஒருவழியாக நின்றது, ஒரே ஒரு குறையைத் தவிர. அடியில் இருந்த ‘அறை பதிவு செய்ய’ பட்டன், சின்ன போனில் மேப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மூவரும் முட்டிப் பார்த்தோம், வெளியே வரவில்லை. அதற்குள், நான் வேலை கேட்டு எழுதிப் போட்டிருந்த புதுச்சேரிச் சின்னக் கம்பெனி ஒன்றிலிருந்து நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். “கண்டிப்பா அந்தப் பட்டனைக் கேப்பாங்கண்ணா. என்னென்ன பண்ணிப் பாத்தோம்னு அப்படியே சொல்லிடுங்க” என்று அவள் ரயிலில் வழிநெடுகச் சொல்லிக்கொடுத்தாள்.

கம்பெனியில் என் எதிரே உட்கார்ந்திருந்த பையனுக்கு என் பெரிய மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். என் வயதைக் கேட்டான். பிறகு தன் போனில் பக்கத்தைத் திறந்து விரலால் ஒரே தள்ளாகத் தள்ளினான். விடுதி, படங்கள், மேப், எல்லாம் சர்ரென்று ஓடி அடியில் முட்டி நின்றன. பட்டன் இல்லை. கேள், கேள் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சூப்பர் சார்” என்றான். “நாங்களே கூப்பிடறோம்.”

வெளியே வந்து திண்டிவனம் பஸ் ஏறினேன். அழுகை வந்தது, அழக்கூடத் தெம்பில்லை. பாய் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

“இன்னா சொன்னாங்க தலைவரே?”

“சூப்பர்னாங்க.”

பாய் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அவள் மட்டும் மெதுவாக, “அந்தப் பட்டன்?” என்று கேட்டாள்.

“கேக்கல.”

பாய் எழுந்து, குனிந்து ஷட்டருக்கு வெளியே போய், மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தார்.