பாதி வானம் தேடியவள்

கெசியா குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தபால் ஆபீஸ் எழுத்தர் நேசையாவின் மகள், பாளையங்கோட்டைக்காரி, பாபநாசம் சாலையிலிருந்த கல்லூரியில் ஏழு வருடமாக இயற்பியல் ஆசிரியை. 1996 ஆகஸ்டில் ஒரு காலை ஆய்வகக் கதவைத் திறந்தாள். கல்லூரியின் ஒரே நல்ல கம்ப்யூட்டரில் அவளுடைய எண்கள் ஓடவில்லை. திரையில் பன்னிரண்டு கட்டம் போட்ட ஜாதகம் நின்றது.

அந்த எண்கள் எட்டு நாளாக ஓடியவை. நியூட்ரான் நட்சத்திரம் என்பது செத்த நட்சத்திரத்தின் மிச்சம். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் தூரம், இருபது கிலோமீட்டர்தான், அதன் அகலம். வேகமாகச் சுழலும் அதன்மேல் சிறு மேடு இருந்தால் போதும், வெளியையே அதிரவைக்கும் ஈர்ப்பலையை ஓயாமல் ஒரே சுருதியில் அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனால் பூமி நகர்வதால் நம்மிடம் வரும்போது அந்தச் சுருதி ஏறி இறங்கும், வானத்தின் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு விதமாக. திசை திசையாக அதை நீக்கித் தேட வேண்டும். புனே ஆய்வு மையத்திலிருந்த அவள் வழிகாட்டி, வெறும் இரைச்சலுக்குள் ஒரு செயற்கை அலையை ஒளித்து, கண்டுபிடிக்கச் சொல்லி பிளாப்பியில் அனுப்பியிருந்தார். மாதக் கடைசிக்குள் முடிவு கையில் கிடைத்தால் இரண்டு வருடம் அங்கே ஆய்வு செய்ய இடம் உண்டு. முழு வானத்தைத் தேடப் பதினோரு நாள் வேண்டும்.

"நான் இல்ல டீச்சர்" என்றார் ஆய்வக உதவியாளர் பிச்சைக்கண்ணு. "சுப்பராமன் சார்தான் நேத்து நிறுத்துனாவ. பொண்ணுக்கு வரன் வந்திருக்காம். இடம் பத்தலன்னு என்னத்தையோ அழிச்சாவ."

"என்னத்தையோவா?"

சுப்பராமன் துறைத்தலைவர். பூமியின் இருப்பிடத்தைக் கணக்கிடும்போது, சூரியனையே அசைக்கிற குரு, சனி முதலான எல்லாக் கிரகங்களும் கெசியாவின் கணக்கில் வரும். அதைப் பார்த்தவர் போன மாதமே அந்தப் பகுதியை நகலெடுத்து, லக்னத்தையும் ராகு கேதுவையும் தானே சேர்த்து, கல்லூரி முழுக்க ஜாதகம் அச்சிட்டுக் கொடுத்தார். அவள் கிறிஸ்தவள் என்பதால் 'வேதக்காரப் பொண்ணு போட்ட ஜாதகம்' என்று சிரிப்பு வேறு. அதை அவள் விழுங்கிக்கொண்டாள். இதை விழுங்க முடியாமல் நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ஏம்மா, மூஞ்சி இப்படிச் செவந்திருக்கு?" என்றார் அவர். "ஒன் நட்சத்திரம் எங்கயும் ஓடிராது. என் பொண்ணு முகூர்த்தம் ஓடிரும்லா!"

"எட்டு நாள் வேலைய அழிச்சிட்டீங்க சார்."

"மறுபடி போடு. மெஷின்தான செய்யுது, நீயா செய்யுத?"

மேசையில் கல்லூரித் தட்டச்சர் சுடலைவடிவின் ஜாதகம் கிடந்தது. தோஷம் என்று செவ்வாய்க் கட்டத்தில் சிவப்புக் கோடு. போன வாரம் அவள் நிச்சயதார்த்தம் நின்றது அந்தக் கோட்டால்தான்.

கெசியாவின் குரல் வராந்தா வரை கேட்டது. "இது பூமியிலேருந்து பாத்த செவ்வாய் இல்ல சார். சூரியக் குடும்பத்தோட நிறை மையத்துலேருந்து பாத்தது. அது சூரியன் கிட்டக்க இருக்கு, என் கணக்கு அங்கன நின்னு போட்டது. நீங்க யாருக்கு ஜாதகம் எழுதுதீங்க? சூரியன்ல பொறந்தவங்களுக்கா?"

முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர் அந்தத் தாளையே பார்த்தார். "அப்ப… இதெல்லாம்?"

"தப்பு. வடிவு வீட்டுக்கு நீங்களே போயிச் சொல்லுங்க."

தபாலுக்குப் போகும் நாளைக் கழித்தால் ஆறு நாள்தான் மிச்சம். ஆய்வகச் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி முதலிலிருந்து ஓட்டினாள். பாதி வானத்துக்குமேல் முடிந்தது. அதில் அலை இல்லை.

முடிவை எழுதினாள்: 'தேடிய பகுதியில் இல்லை. மீதியைத் தேட முடியவில்லை. முதல் தேடலை, ஜாதகம் அச்சிடுவதற்காகத் துறைத்தலைவர் அழித்துவிட்டார்.' விதிப்படி அது அவர் கையெழுத்தோடு போக வேண்டும்.

"கரண்ட் போச்சுன்னு எழுதேன்மா" என்றார் சுப்பராமன்.

"போகலயே சார்."

"என் மானம் போயிரும். ஒனக்கும் இடம் கெடைக்காது. பாதி வானத்த யாரு மதிப்பா?"

"தேடாததத் தேடுனேன்னு எழுத மாட்டேன். அழிச்சதக் கரண்ட் மேலயும் போட மாட்டேன்."

அவர் பேனாவைத் தொடவில்லை. கெசியா தாளைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்துக்கான இடத்தில் 'துறைத்தலைவர் மறுத்தார்' என்று எழுதினாள். பிறகு அவர் கண்ணெதிரிலேயே உறையை ஒட்டினாள்.