சுறா வயிற்றுக் கோடு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் தைக்கும் பைக்குப் பாண்டி பஜாரில் இன்றுவரை போட்டி கிடையாது. நீளமான கிழிசலும் உள்ளே சிவப்புத் துணியுமான அந்த டிசைனை, படித்தவர்களே வந்து படம் எடுத்துப் போகிறார்கள். காலையில் புதுத் தோலில் மீனெண்ணெய் வாடை அடித்ததும், அந்தக் கிழிசல் கோட்டை முதலில் பார்த்த இடம், இப்போது கடல் தின்றுவிட்ட ஊரூர் குப்பத்து மணல், செதிலும் இரத்தமும் காக்கைச் சத்தமுமாக எழுந்து வந்தது. அப்பா கடலில் செத்த பிறகு எங்களுக்கு வந்த பங்குச் சுறாவின் வாலைப் பிடித்து இழுத்தான் அவருடைய படகுக் கூட்டாளி.

“செத்தவனுக்கு இன்னாடி பங்கு?”

அம்மா சுறாவைத் தொண்டையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் கிழித்து, சொட்டும் கத்தியை அவன் வயிற்றில் வைத்தாள்.

“உனக்கும் இதே கோடு போட்டுடவா, நைனா?”

அவன் வாலை விட்டுவிட்டான். அம்மாவின் கைதான் கத்தியை விடவில்லை. வீட்டுக்கு வந்து நான் விரல் விரலாகப் பிரித்தேன்.