சோத்தாங்கைப் பக்கம்

குதிரைக்குச் சேணம் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினால், கடிவாள வாரை வாங்கிக்கொண்டு அதன் மூக்குக்கு முன்னால் சுற்றி அந்தப் பக்கம் போவாள். போகிற போக்கில் அதன் நெற்றியில் இரண்டு தட்டு. பிறகு வலது காலை அங்கவடி வளையத்தில் நுழைத்து, ஒரே எம்பில் மேலே போய்விடுவாள். குதிரை ஏறுகிற எல்லோரும் இடப்பக்கம் நின்று, இடது காலை வைத்துத்தான் ஏறுவார்கள். குதிரைகளும் அப்படித்தான் பழகியிருக்கும். வாசல் திறந்திருக்க ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்குகிறவளைப் போல இவள் மட்டும் மறுபக்கம். ஒன்பது வருடம் இதைப் பார்த்தேன்.

முதலில் காட்டிக்கொடுத்தது துணிதான். இந்தச் சவாரிப் பள்ளியின் தையலறையில் என் மெஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. சேணத்துக்கு அடியில் விரிக்கும் தடித்த துணிகளைத் தைப்பதும், நைந்தவற்றுக்கு ஒட்டுப் போடுவதும் என் வேலை. ஏறும்போது பூட்ஸ் முனை உரசுவதால் எல்லாத் துணிகளும் இடப்பக்கம்தான் நையும். அந்தக் குவியலில் எப்போதும் ஒரு துணி மட்டும் வலப்பக்கம் நைந்து வந்தது. யாருடையது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. ஒல்லி. சட்டைக் கையை விரல் வரை இழுத்து விட்டுக்கொள்வாள். எதைச் சொன்னாலும் கடைசியில் "பரவால்லையா?" என்று ஒரு கேள்வி. "அக்கா, இந்தத் துணிய இங்க வச்சிடறேன், பரவால்லையா?" "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன், பரவால்லையா?" லாடம் அடிக்கிறவர் வாயில் ஆணியை வைத்துக்கொண்டே சிரிப்பார். "இந்தப் பொண்ணு தும்மறதுக்கும் கேட்டுட்டுத்தான் தும்மும்." அவளுக்குச் 'சோத்தாங்கை' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "சோத்தாங்கை, உன் குதிரை ரெடி. வா, இந்தப் பக்கம் வழி விட்டாச்சு!" அவளும் தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டே போவாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்வரை கை கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும்.

காரணத்தை அவளுடைய அப்பாதான் சொன்னார். பள்ளியின் தீவன வண்டியும் குதிரைகளை ஏற்றிப் போகும் பெரிய வண்டியும் ஓட்டுகிறவர். துணிச் சுருளை என் அறையில் இறக்கி வைத்துவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார்.

"பதிமூணு வயசும்மா அப்போ. இடது கால உள்ள விட்டா. மத்த கால தூக்கறதுக்குள்ள குதிரை கிளம்பிடுச்சு. கால் வளையத்துல மாட்டிக்கிச்சு. அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் தரையிலயே இழுத்துட்டு வந்துச்சு. நான் வைக்கோல் இறக்கிட்டிருந்தேன். ஓடினேன். குதிரைக்கு ஈடா மனுஷன் ஓட முடியுமா?"

கணுக்கால் எலும்பு சேர்ந்து அவள் திரும்பி வந்தபோது, இடப்பக்கம் நின்றால் உள்ளங்கை வியர்த்துக் கடிவாளம் நழுவியதாம். பயிற்சியாளர் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு கிழட்டுக் குதிரையின் வலப்பக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குதிரை எந்தப் பக்கம் யார் ஏறினாலும் கண்டுகொள்ளாது. "சரி, ஏறினாளே, அது போதும்" என்று முதலாளியம்மா சொன்னார். எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது சாம்பல் வந்தது. நிறத்தையே பெயராக வைத்துவிட்டோம். மூன்று வயது, முதுகில் யாரும் ஏறியிராத குதிரை. மற்றவர்களுக்கு வேறு குதிரைகள் இருந்ததால் அதைப் பழக்கும் வேலை இவளுக்கு வந்தது. முதல் வாரம் முழுக்க லாயத்தின் வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். குதிரையைப் பார்க்கக்கூட இல்லை. எட்டாம் நாள் அது தானாக வந்து அவள் சட்டைக் கையை மென்றது. கிழிந்த சட்டையை என்னிடம் கொண்டுவந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "தின்னுடுச்சுக்கா!" என்றாள். 'பரவால்லையா' கேட்கவில்லை.

நான்கு வருடம். தேய்த்தது, ஊட்டியது, நடத்தியது, ஓட்டியது எல்லாம் அவளேதான். எல்லாம் வலப்பக்கம் நின்றுதான். வாரையும் அந்தப் பக்கத்திலிருந்தே மாட்டுவாள். இடது விலாவைத் தேய்ப்பதற்கும் முதுகுக்கு மேலே எட்டித்தான் தேய்ப்பாள். வாரத்துக்கு வாரம் அவள் முதுகு நிமிர்ந்தது. சட்டைக் கை முழங்கைக்கு ஏறியது. ஒருநாள் பயிற்சியாளர் சாம்பலை நோக்கிக் குச்சியை ஓங்க, முற்றத்தின் நடுவில் நின்று, "அத அடிக்காதீங்க!" என்று கத்தினாள். நான் ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். இடுப்பு உயரத் தடைகளை இருவரும் தாண்டிய நாட்களில், தீவன வண்டி வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் முற்றத்திலேயே நிற்கும். உள்ளே அவள் அப்பா ஸ்டீரிங் மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் அடித்த காற்றில் பின்வரிசை லாயத்தின் கூரை போய்விட்டது. திரும்பக் கட்டப்போவதில்லை என்று முதலாளியம்மா முடிவு செய்தார். எட்டுக் குதிரைகள் வெளியே போக வேண்டும். ஏழு விலைபோய்விட்டன. சாம்பலைப் பார்க்க வந்த முதல் ஆள், பருத்த மனிதர், வழக்கம்போல இடப்பக்கம் போய்க் காலை வைத்தார். அது ஒரே சுழற்று. அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தோம். இரண்டாவதாக வந்தவருக்குத் தோள் எலும்பு நகர்ந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

"வலது பக்கம் ஏறச் சொல்லலாம்மா. அப்படி ஏறினா ஒண்ணும் பண்ணாது" என்றாள்.

"வாங்கறவங்க வீட்டுல எல்லாம் போர்டு எழுதி மாட்ட முடியுமா? ஆள் ஏற முடியாத குதிரைய எடை போட்டு வாங்கறவந்தான் வாங்குவான். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்றார் முதலாளியம்மா. கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார். எடை போட்டு வாங்குகிறவன் என்றால் கறிக்கு வாங்குகிறவன். மாசக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது.

அன்று மதியம் என் அறைக்கு வந்து துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"அது கெட்ட குதிரை இல்லக்கா. அந்தப் பக்கம் ஒரு ஆள் வருவாங்கன்னே அதுக்குத் தெரியாது. நான் ஒரு நாள்கூட அங்க நின்னது கிடையாதே. என் பயத்த அதுக்கும் ஊட்டி வளத்துட்டேன்."

நூலை ஊசியில் கோத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பா வாசலில் நின்றார். "நாமளே வச்சுக்கலாம்னு எனக்கும் ஆசைதான். நம்ம வீட்டுல நாம ரெண்டு பேரு ஒண்ணா நின்னா ஒருத்தர் கதவுக்கு வெளிய நிக்கணும்" என்றார். அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சாம்பலை முற்றத்துக்குக் கொண்டுவந்து அதன் இடப்பக்கம் போய் நின்றாள். உள்ளங்கையை மாற்றி மாற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. சாம்பல் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு மெதுவாக உடம்பையும் திருப்பி, தன் வலப்பக்கத்தை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அவள் இடம் தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்திருக்கும். அவள் மறுபடியும் சுற்றி இடப்பக்கம் போனாள். அது மறுபடியும் திரும்பிக் கொடுத்தது.

"என்ன பாப்பா, ரெண்டு பேரும் தட்டாமாலை சுத்தறீங்க?" என்றார் லாடம் அடிக்கிறவர். நான்கைந்து சுற்றுக்குப் பிறகு அவரே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "இது என்ன கொடுமை. அது உபகாரம் பண்றேன்னு நினைக்குது" என்று என் ஜன்னல் பக்கம் வந்து முணுமுணுத்தார்.

அப்படியே ஆறு நாள். ஏழாம் நாள் அது திரும்பாமல் நின்றது. அன்று அவள் கையை மட்டும் இடது தோளில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். இன்னும் இரண்டு நாள் கழித்து, தூறலில், இடது காலைத் தூக்கி வளையத்தில் வைத்தாள். முன்பு முறிந்த கால். வைத்ததும் சாம்பல் நகர ஆரம்பித்தது.

பதிமூன்று வயதில் நின்ற அதே நிலை. ஒரு கால் வளையத்தில், ஒரு கால் தரையில், நடுவில் ஓடத் தொடங்கும் குதிரை. தீவன வண்டியின் கதவு திறந்தது. அவள் அப்பா இறங்கினார். இறங்கி, கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அவள் காலை எடுக்கவில்லை. ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அதனோடு கூடவே போனாள். "சாம்பலு, நான்தான், நான்தான்டா" என்று சொல்லிக்கொண்டே போனாள். முற்றத்தின் பாதியில் அது நின்றது. அவள் மேலே ஏறினாள்.

கைதட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் இடப்பக்கம் ஏறினாள். அன்று மட்டும் பதினோரு முறை. எண்ணினேன்.

ஆனால் அவள் ஏறுவது போதாது. யார் ஏறினாலும் நிற்க வேண்டும். லாடம் அடிக்கிறவர் ஏறினார், பயிற்சியாளர் ஏறினார். கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நானா? எனக்கு ஸ்டீரிங் இருந்தாத்தாம்மா வண்டி."

"குதிரைன்னா என்னன்னே தெரியாத ஆளு ஏறினாலும் நிக்கணும்பா. உங்கள விட்டா யாரு இருக்கா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார், கோயிலுக்குள் போகிறவரைப் போல. இரண்டு தடவை சறுக்கினார். சேணத்தைப் பிடித்துத் தொங்கினார். மூன்றாம் தடவை மூட்டையைப் போல மேலே போய் விழுந்தார். சாம்பல் காதை ஆட்டிவிட்டு அசையாமல் நின்றது. அவள் கடிவாளத்தை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்தாள். இன்னும் நான்கடி. பிறகு தன் முதுகைக் காட்டி நின்றாள். சாம்பல் அவளைத் தேடவில்லை.

"நிக்குதும்மா! பாரு, நிக்குது!" என்று மேலிருந்து அவர் கத்தினார்.

"பாத்தேம்பா" என்றாள், திரும்பாமலே.

சின்னப் பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுத்தரும் ஒரு பள்ளியிலிருந்து ஓர் அம்மா வந்து பார்த்தார். இடப்பக்கம் ஏறி, மூன்று சுற்று சுற்றி, இறங்கிக் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். விலை பேசி முடிந்தது. போகிற நாளுக்கு முந்தின நாள் அவள் என்னிடம் ஒரு துணி கேட்டாள். "ரெண்டு பக்கமும் தடிமனா வச்சுத் தச்சுக் குடுங்கக்கா. அங்க யாரு எந்தப் பக்கம் ஏறுவாங்களோ." இரண்டு பக்கமும் மூன்று மடிப்பு வைத்துத் தைத்தேன். அத்தனை நெருக்கமாக நான் வேறு எதற்கும் தையல் போட்டதில்லை.

வண்டியில் அவளே ஏற்றினாள். கட்டி முடித்து இறங்கியதும் அப்பா சொன்னார். "முன்னாடி உக்காரு. கூட வா. போய் விட்டுட்டு வரலாம்."

"வேணாம்பா. என்ன அங்க பாத்தா அது மறுபடியும் வலது பக்கத்தத் திருப்பிக் காட்டும்."

அவர் பின்கதவின் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். மேடு பள்ளத்தில் இவ்வளவு மெதுவாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

இப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. முரட்டுக் குதிரை எது வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். "பரவால்லையா?" என்று யாரையும் கேட்பதில்லை. புதிதாக வந்தவர்களுக்குச் சோத்தாங்கை யார் என்றே தெரியாது. லாடம் அடிக்கிறவரும் அந்தப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். சாம்பல் நன்றாக இருக்கிறது, ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று அவள் அப்பா ஒருமுறை கேட்டுவந்து சொன்னார். அவள் போய்ப் பார்க்கவில்லை. அவளுடைய துணியும் எல்லோருடையதையும் போல இடப்பக்கம்தான் நைந்து வருகிறது. பெயர் எழுதியிராவிட்டால் குவியலில் எது அவளுடையது என்று எனக்கே தெரியாது.

தினமும் காலையில் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவள் இடப்பக்கம் போய்க் கடிவாளத்தை வாங்கிக்கொள்கிறாள். உடனே ஏறுவதில்லை. ஓரடி பின்னால் தள்ளி, கையைத் தொங்கவிட்டபடி கொஞ்ச நேரம் நிற்கிறாள். குதிரை அப்படியே நிற்கிறது. எந்தக் குதிரையும் திரும்புவதில்லை. அதன் பிறகு ஏறுகிறாள்.