இருக்க வந்தவர்களின் கோப்பிக் கடை

அம்மாவைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன காலையில், பேராதனை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கோப்பிக் கடை வாசலில், உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தோம். அப்பா வார்ட் வாசலை விட்டு நகர மறுத்துவிட்டார். எனக்கோ அங்கே நிற்க முடியவில்லை. எதையும் குடிக்கும் நிலையிலும் இல்லை. உள்ளே முக்காட்டைக் காதோரம் செருகியபடி கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கோப்பி குடிக்க வந்தீங்களா மகள், சும்மா இரிக்க வந்தீங்களா? ரெண்டுக்கும் எடம் ஈக்கி.”

அவரை எல்லோரும் ராத்தா என்றே அழைத்தார்கள். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கும் சொல் அது. அந்தக் கடையில் டாக்டர்மாரும் முச்சக்கரவண்டி ஓட்டுபவர்களும் அதையே சொன்னார்கள். கணவர் காலமான பிறகு தனியாக அந்தக் கடையை நடத்திவந்தார். வீட்டில் வறுத்து, சுக்கும் மல்லியும் சேர்த்து இடித்த அவருடைய கோப்பியின் வாசனை பஸ் தரிப்பிடம் வரைக்கும் வரும். ஆனால் எனக்கு அந்தக் கடை என்றால் சுவரோரம் கிடந்த நீண்ட வாங்குதான். ஆஸ்பத்திரிக்குள் யாரையாவது அனுப்பிவிட்டு வெளியே காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானக் கூட்டம் எவ்வளவு நெரித்தாலும் அவர்களை எழும்பச் சொல்ல ராத்தா விட்டதில்லை. ஒருமுறை புசல்லாவையிலிருந்து வந்த ஒருத்திக்குப் பிள்ளை இறந்த செய்தி அங்கேதான் கிடைத்தது. ராத்தா ரேடியோவை நிறுத்தினார். “நீங்களே ஊத்திக் குடிங்க” என்று வாங்கில் இருந்த எங்களிடம் சொல்லிவிட்டு, அவள் தோளை அணைத்தபடி வார்ட்டுக்கு நடந்தார். பின்னேரம் அவர் திரும்பி வரும்வரை நாங்கள்தான் கடையைப் பார்த்துக்கொண்டோம்.

அம்மா பிழைத்துக்கொண்டார். பிறகு பேராதனையிலேயே பல்கலைக்கழக அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் ராத்தாவின் கோப்பி இல்லாமல் நான் அலுவலகம் போனதே இல்லை.

சென்ற வருடம் கட்டடத்தின் சொந்தக்காரர்கள் அதை ஒரு பெரிய கோப்பிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் ராத்தாவுக்கு வரவில்லை. “அவங்கட எடம், அவங்க குடுத்தாங்க” என்றார். ஆனால் கடைசி நாளன்று அந்த வாங்கைத் துடைத்துக்கொண்டே, “இந்தச் சனம் இனி எங்க போய் இரிக்கிற?” என்று கேட்டார்.

கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாகப் புதிய கடை திறந்தது. அந்தப் பக்கமே பார்ப்பதில்லை என்றிருந்த நான், ஒரு நாள் கண்ணாடிக்கு அப்பால் ராத்தா இருப்பதைக் கண்டு திகைத்துப்போய் உள்ளே நுழைந்தேன். அவருக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, மடியில் ஆஸ்பத்திரிப் பையுடன் இருந்தாள். அவள் முன்னால் ஒரு பெரிய கடதாசிக் கப். “ஒண்ணும் வாங்காம இங்க இருக்க ஏலாதுன்னு சொல்லிட்டாங்க” என்றாள் அவள். “புருசன உள்ள கொண்டுபோயிருக்காங்க. இந்தம்மாதான் வாங்கி வச்சாங்க.”

ராத்தா என் பக்கம் குனிந்து, “அவங்கட சட்டம் அது. கப் முன்னுக்கு இருந்தா யாரும் எழும்பச் சொல்றல்ல” என்றார். அன்றிலிருந்து காலையில் வந்து, ஒரு கோப்பி வாங்கி, யாராவது ஒருவர் முன்னால் வைத்துவிட்டுப் போவது அவருடைய வேலையாயிற்று. நானும் சில நாட்கள் செய்தேன். கோப்பி போடும் சின்னப் பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன கிழமை ராத்தாவுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக நான் போனபோது, சன்னலோரத்தில் ஒரு வயதானவர் கப்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருந்தார். யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். கோப்பி போடும் பெண்ணைக் காட்டி, “அந்தப் புள்ளதான் வச்சிட்டுப் போச்சு” என்றார். அவர் மூடியைத் தூக்கிக் காட்டினார். கப்பில் ஒன்றும் இல்லை. யாரோ குடித்து முடித்ததை மூடி போட்டு அவர் முன்னால் வைத்திருக்கிறாள்.

வெளியே வந்து ராத்தாவுக்குப் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் இருமலும் சிரிப்புமாக அவர் குரல் வந்தது.

“வெறுங் கப்பா? எனக்கு இது தோணல்லயே மகள்!”