இலை போடாத குழாய்

எங்கள் ஆய்வகத்தில் இலை அரைப்பவரை எல்லோரும் இலைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வருடமாக அதே மேசை, அதே பீங்கான் கல்வம். நான் ஸ்டோர் பார்ப்பவன். கையுறையும் சின்னப் பிளாஸ்டிக் குழாயும் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் எவ்வளவு வீணடிக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இலைக்காரம்மா ஒரு குழாயைக்கூட வீணடித்ததில்லை. அந்தத் தலைக்கனம் அவருக்குக் கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலை இதுதான். புகை பறக்கும் திரவ நைட்ரஜனில் இலையை உறைய வைத்து, மாவாகும்வரை அரைக்க வேண்டும். உப்பும் சோப்பு மாதிரி ஒரு மருந்தும் கலந்த வெந்நீரில் அதை ஊறப்போட வேண்டும். பிறகு குளோரோஃபார்ம் விட்டுச் சுழற்றினால் பச்சையும் சக்கையும் கீழே தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுத்துக் குளிர்ந்த ஆல்கஹாலை விட்டால், வெள்ளையாக ஒரு நூல் திரளும். அதுதான் டி.என்.ஏ. முதன்முதலில் பார்த்தபோது, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன்.

"இவ்வளவுதான். உங்களுக்குள்ளயும் இதுதான் இருக்கு. ரொம்ப அலட்டிக்காதீங்க" என்றார்.

போன வருடம் எங்கள் ஆய்வுத் தலைவர் டாக்டரம்மா ஜாதிக்காய்க் கன்றுகளைக் கையில் எடுத்தார். ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. காய்ப்பது பெண் மட்டும். எது ஆண், எது பெண் என்று பூக்கும்போதுதான் தெரியும். பூக்க ஆறேழு வருடம் ஆகும். இலையை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. இலைக்காரம்மா அப்போதுதான் மெல்ல வாயைத் திறந்தார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கி இருபத்துமூன்று கன்று வைத்திருந்தார். வயது அறுபத்துநாலு. ஏழு வருடம் காத்திருந்து, பாதி ஆண் என்று தெரிந்து, திரும்ப நட்டுக் காய் பார்ப்பதென்றால் ஆயுள் வேண்டுமே!

இருபத்துமூன்று கன்றின் இலைகளும் வந்தன. இருபத்துநாலாவதாக, இலையே போடாத ஒரு குழாய். அதில் மருந்தை மட்டும் விட்டு மற்றவற்றோடு கடைசிவரை கொண்டுபோவார்கள். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் எங்கோ கோளாறு.

எங்கள் சுழற்று யந்திரம் கிழடு. வட்டத் தட்டில் இருபத்துநாலு துளை, துளைகளுக்கு எண் கிடையாது. குழாய் மூடியில் மார்க்கரால் எழுதிய எண்தான் ஒரே துணை. அன்று கடைசியாக ஆல்கஹாலில் கழுவிச் சுழற்றியபோது மூடிகள் கசிந்துவிட்டன. அந்த மலிவுச் சரக்கை வாங்கியவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். திறந்து பார்த்தால் ஒரு மூடியிலும் எண் இல்லை, எல்லாம் நீலக் கறை. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். இவர் அசரவில்லை. தனக்கு நேர் எதிரே உள்ள துளையில் முதல் குழாய், அங்கிருந்து வரிசையாக மற்றவை என்று வைப்பது அவர் வழக்கம். எதிரே இருந்ததை எடுத்து ஒன்று என்று எழுதினார், அடுத்ததில் இரண்டு என்று எழுதினார். சுற்றுவதுதான் அந்தத் தட்டின் பிழைப்பு, அது புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்குமா என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் சோதனைப் படம் வந்தது. இரண்டு கோடு விழுந்தால் ஆண், ஒரு கோடு என்றால் பெண். டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். அக்காவிடமிருந்து போன் மேல் போன். இலைக்காரம்மா படத்தைப் பார்த்து அக்கா வீட்டுக்காரருக்கு வாசித்துவிட்டார்.

"எழுதிக்கோங்க மாமா. ஒன்பது ஆண். மகரந்தத்துக்கு ரெண்ட விட்டுட்டு மீதி ஏழையும் எடுத்துடலாம். எட்டாம் நம்பர் மட்டும் ஒண்ணும் வரல, இலை முத்திப்போச்சு போல. அதைத் தொடாதீங்க."

கடைசிக் குழாயின் பக்கம் அவர் கண் போகவில்லை. இலை போடாததில் பார்க்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலை டாக்டரம்மா பார்த்தார். "இலையே போடாத குழாய்ல பெண் மரம் வந்திருக்கே, எப்படி?"

இலைக்காரம்மா படத்தை வாங்கி மறுபடி எண்ணிப் பார்த்தார். எட்டாவதாக எழுதியதுதான் இலை போடாத குழாய். தட்டு எட்டுத் துளை தள்ளி நின்றிருக்கிறது. தள்ளி எண்ணினால் சரியான பட்டியல் கிடைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் எழுதியும் விட்டார். ஆனால் மாமா போனை எடுக்கவில்லை. அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் பைக்கை எடுத்தேன்.

நிலத்தில் ஏழு கன்றுகள் வேரோடு வெயிலில் கிடந்தன. மாமா மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா! விடியறதுக்குள்ள வந்துட்டேன். நீ சொன்னபடியே முடிச்சாச்சு."

"நான் சொன்னது தப்பு மாமா. இந்த ஏழுல அஞ்சு பெண்ணு."

நான் மூடிகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். இலைக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். யந்திரம், ஆல்கஹால் என்று எதையும் அவர் இழுக்கவில்லை. மாமா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்க் குடத்தோடு வந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"அவர் ஒரு வாரம் போகட்டும்னுதான்டி சொன்னார். நீ சொன்னா சரியா இருக்கும்னு நான்தான் விரட்டி அனுப்பினேன்."

ஐந்து கன்றுகளையும் திரும்ப நட்டோம். எனக்கு மண்வேலை பழக்கமில்லை; முதுகு விட்டுப்போனது. திரும்பும் வழியெல்லாம் இலைக்காரம்மா என் பின்னால் அழுதுகொண்டே வந்தார்.

ஐந்தில் இரண்டுதான் பிழைத்தன. இலைக்காரம்மா ஞாயிறுதோறும் பஸ் ஏறிப்போய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். ஆய்வகத்தில் இப்போது மூடியில் ஒன்று, குழாயின் பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு இடத்தில் எண் போடுகிறார். நானும் நல்ல மூடிகளாகத்தான் வாங்குகிறேன்.

செத்துப்போன மூன்றுக்குப் பதிலாக அக்கா போன மாதம் புதுக் கன்றுகள் வாங்கி நட்டிருக்கிறார். அன்று நான்தான் இலைக்காரம்மாவை அங்கே இறக்கிவிட்டேன். பையிலிருந்து மூன்று காகித உறைகளை எடுத்துக்கொண்டு கன்றுகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அக்கா, ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு இலை எடுத்துக்கட்டுமா?"

அக்கா கோபமாகப் பேசவில்லை. குடத்தை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தார்.

"வேண்டாம்மா. பூக்கும்போது பாத்துக்கலாம். நீ தண்ணிய ஊத்து."