மூன்றாவது வாசல்

நான் சொல்வதை நீங்கள் நம்பியே ஆகவேண்டும் என்றில்லை. தாராவியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள் நான். பேய், ஆவி என்று பிள்ளைகள் வாயைத் திறந்தாலே பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திவிடுவேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் பழைய பம்பாய்ப் போட்டோக்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாங்கள் அப்போது குடியிருந்த லேபர் கேம்பிலிருந்து நடந்தே போனேன். தோப்பாய்க் கிடந்த மாட்டுங்கா, டிராம் ஓடும் தாதர் என்று பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசிச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் ஒரு சந்து, வரிசையாகத் தகர வீடுகள். மூன்றாவது வாசல் எங்களுடையது. அந்தச் சந்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். அம்மா செத்தது அந்த வீட்டில்தான். எனக்கு அப்போது நாலு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. அவள் முகம் எனக்கு நினைவில்லை, ஒரு போட்டோகூடக் கிடையாது. வாசல் இருட்டுக்குள் யாராவது தெரிகிறார்களா என்று கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

"எக்கா, அந்த மூணாவது வீடு தெரியுதா?"

பக்கத்தில் ஒரு பெண்குரல். படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் "தெரியுது" என்றேன். ஒரு கை நீண்டு அந்த வாசலைத் தொட்டது. இளம் கை, சிவப்புக் கண்ணாடி வளையல்.

"உள்ள ஒரு பச்சை டிரங்குப் பெட்டி கெடக்கும். அது மேலதான் அந்த வீட்டுப் பிள்ளைய உக்காரவச்சு காதுல பூண்டெண்ணெ ஊத்துறது. சீழ் வடிஞ்சு பாவம் ஒரே அழுகை. இப்பம் காது நல்லாயிட்டாக்கா அதுக்கு?"

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. அந்தப் பெட்டி தொடையில் சில்லென்று பட்டது எனக்கு நினைவிருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரோ அந்தச் சந்துக்காரி என்று நினைத்து, "நல்லாயிட்டு. டீச்சரா இருக்கா" என்றேன்.

"டீச்சரா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் எனக்கு உறைத்தது, எப்போதோ இடித்துப்போட்ட வீட்டை இவ்வளவு சின்ன வயசுக்காரிக்கு எப்படித் தெரியும் என்று. திரும்பினேன். தூரத்தில் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள், வேறு யாருமில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தோல் ஷாப்பிலேயே ஆயுசைக் கழித்தவர், அம்மா பேரை முப்பது வருஷமாய் வாயால் சொல்லாதவர். முழுசாய்க் கேட்டுவிட்டு, "மொகம் எப்படிட்டி இருந்துச்சு?" என்றார்.

நான் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவளை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனார். சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்தியளாப்பா?"

"அப்படியேதான் இருக்கா. எனக்குத்தான் நரைச்சுப்போச்சுல்லா. 'பெரியவரே, அந்த வீட்டுக்காரரு இன்னும் வேலை விட்டு வரலியே, பாத்தியளா'ன்னு எங்கிட்டயே கேக்கா."

"நீங்க என்ன சொன்னிய?"

"வந்துருவாரும்மான்னு சொன்னேன்."

அந்த வாரமே படங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா காலமாகியும் வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த வாசலுக்கு அவர் வந்துவிட்டாரா, இல்லை அவள் இன்னும் எந்தச் சுவரிலிருந்தோ போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.